அத்தானின் சாவிக்கொத்து

அத்தானிடமிருந்து போன் வந்தபோது சின்னவள் ஒரு பிரிண்டரின் வயிற்றுக்குள் முழங்கை வரை கையை விட்டு, சிக்கிக் கிழிந்த தாளைத் துண்டு துண்டாக உருவிக்கொண்டிருந்தாள். மேசை மேல் கிடந்த போன் அதிர்ந்து நகர்ந்தது. திரையில் 'அத்தான்' என்று மின்னியது. அந்த எண்ணை அவள் அழிக்கவில்லை. அழித்துத் தொலை என்று அறைத்தோழி எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். எதிரியின் எண்ணை அழித்துவிட்டால் அவன் விழுகிற சத்தம் நமக்கு எப்படிக் கேட்கும்?

மசி படிந்த விரலாலேயே போனை எடுத்தாள்.

"என்னம்மா, நல்லாருக்கியா?"

அம்மாவாம்! ஆபீஸில் வருஷக்கணக்காக "ஏய் பூட்டு" என்று கூப்பிட்ட வாய் அது. வேலையை விட்டு அனுப்பிய பிறகு, இருக்கிறாளா செத்தாளா என்றுகூடக் கேட்காத வாய். காரியம் இல்லாமல் இந்தக் கரிசனம் வராது.

"இருக்கேன் அத்தான். சொல்லுங்க."

"ஒண்ணுமில்ல, சின்ன டவுட்டுதான். வண்டி ஓட மாட்டேங்குது."

வண்டி என்று அவர் சொன்னது சக்கரம் வைத்த வண்டியை அல்ல. அந்தக் கம்பெனிக்கு வேலை, கண் மருத்துவமனைகள், கடைகள், பயிற்சி நிலையங்கள் என்று ஊர்ப்பட்ட பேருடைய சர்வர்களைப் பராமரிப்பது. இருநூறுக்கு மேல் சர்வர்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஆள் போய் ஒரே வேலையைச் செய்துகொண்டிருந்தால் விடிந்துவிடும். அதனால் சின்னவள் ஒரு ஆட்டோமேஷனை உட்கார்ந்து உருவாக்கினாள். செய்ய வேண்டியதை ஒரு தடவை எழுதிவைத்துத் தட்டிவிட்டால் போதும், அதுவே ஒவ்வொரு சர்வராகப் போய்க் கதவைத் திறந்து, வேலையை முடித்துவிட்டு வெளியே வரும். அதற்கு ஆபீஸ் வைத்த பெயர் வண்டி. கதவைத் திறக்க அதற்கு ஒரு கீ வேண்டும். கீ என்பதும் இரும்பு அல்ல, ஒரு கோப்புதான். அதன் ஜோடி சர்வரில் இருக்கும். இரண்டும் பொருந்தினால் கதவு திறக்கும், பாஸ்வேர்டு கேட்காது.

"வண்டி என்ன சொல்லுது?"

"எந்த சர்வருக்குப் போனாலும் மூஞ்சில அறையற மாதிரி கதவ சாத்துது. ரொம்ப தடவை முயற்சி பண்ணிட்டியாம், வெளிய போவாம். நான் ஒரே ஒரு தடவதான் தட்டினேன்! இங்க இருக்கிற அத்தன பேரும் பாத்துட்டாங்க. ஒருத்தனுக்கும் புரியல."

சின்னவளின் இன்னொரு கை பிரிண்டருக்குள் அப்படியே நின்றது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. அவர் ஒரு தடவைதான் தட்டியிருப்பார், பொய்யில்லை. ஆனால் அவருடைய லேப்டாப் தன்னிடம் இருக்கிற கீக்களை எல்லாம் ஒவ்வொன்றாக சர்வரிடம் நீட்டிப் பார்க்கும். இதுவா, இல்லை. இதுவா, இல்லை. சர்வருக்கு ஆறு தடவைதான் பொறுமை. அதற்குள் சரியான கீ வராவிட்டால் கதவைச் சாத்திவிடும். ஒழுங்காக வேலை பார்க்கிற ஒருவரின் லேப்டாப்பில் ஒரு கீ இருக்கும், மிஞ்சிப்போனால் இரண்டு. ஆறு தடவை தோற்கிற அளவுக்கு ஒருவர் கீ வைத்திருக்கிறார் என்றால், அத்தனையும் அவருடையதாக இருக்க முடியாது.

யாருடையதாக இருக்கும் என்று சின்னவளுக்குத் தெரியும். அதில் ஒன்று யாருடையது என்று நிச்சயமாகவே தெரியும். எட்டு மாதமாக ராத்திரி பகலாக அவள் வயிற்றில் எரிந்துகொண்டிருந்த நெருப்புக்கு அத்தானே போன் போட்டு எண்ணெய் ஊற்றியிருக்கிறார்.

இதைச் சரிசெய்ய ஒரே ஒரு வரி போதும். அந்த வரி அவள் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினாள்.

"பாக்காம சொல்ல முடியாது அத்தான். நேர்ல வந்தாதான் ஆகும்."

"வா, வா. இப்பவே கிளம்பி வா. சாயங்காலத்துக்குள்ள எல்லா சர்வர்லயும் ஒரு ஓட்டைய அடைக்கணும். வெளியில ரெண்டு இடத்துல திருடன் உள்ள பூந்துட்டானாம். மேடம் காலைலேருந்து என் உயிர எடுக்கறாங்க."

"வரேன். ஆனா மேடம் பக்கத்துல இருக்கணும். மீட்டிங் ரூம்ல, பெரிய திரைல போட்டுத்தான் பாப்பேன்."

"மேடம் எதுக்கு?" குரலில் இருந்த தேன் சட்டென்று வற்றியது.

"நான் இப்ப வெளியாள் அத்தான். நாளைக்கு எந்த சர்வர்ல எது போனாலும் என் தலைலதான் விழும். ஒரு தடவ விழுந்தது போதாதா? கீபோர்டை நான் தொடவே மாட்டேன். நீங்கதான் அடிக்கணும். நான் பக்கத்துல நின்னு சொல்றேன்."

மறுமுனையில் அவர் யோசிப்பது கேட்டது. தன் கையால் அடித்து, மேடம் கண் முன்னால், பெரிய திரையில் தானே சரிசெய்த மாதிரி இருக்கும். பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி.

"அதுவும் சரிதான்" என்றார் அத்தான்.

சின்னவள் தாளை உருவி எறிந்துவிட்டு, கடைக்காரரிடம் அரை நாள் லீவு சொல்லிவிட்டுக் கையைக் கழுவப் போனாள். மசி போகவில்லை. போகாவிட்டால் போகிறது என்று அப்படியே கிளம்பினாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பழையதை ஒரு தடவை ஓட்டிப் பார்த்தாள். மறந்துபோயிருக்கும் என்பதற்காக இல்லை. கோபம் சூடாக இருக்க வேண்டும் என்பதற்காக.

அக்காவுக்குக் கால் எலும்பு முறிந்து கட்டுப் போட்டிருந்த சமயம் அது. எழுந்து நடக்க முடியாது. சின்னவள் அக்கா வீட்டிலேயே போய்த் தங்கினாள். சமையல், துணி, பாப்பாவைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டுக் கூட்டிவருவது, அக்காவைக் கைத்தாங்கலாகக் குளியலறைக்குக் கூட்டிப்போவது எல்லாம் அவள்தான். நடுநடுவே சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்து ஆபீஸ் வேலையும் பார்த்தாள். அத்தான் அவளுக்கு ஆபீஸிலும் மேலதிகாரி, வீட்டிலும் அத்தான். இரண்டு இடத்திலும் அவர் சொன்னதுதான் சட்டம்.

அந்த வாரம் கண் மருத்துவமனைக்காரர்களிடம் புதுசாக ஒன்றைக் காட்டிப் பெயர் வாங்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. பழைய குப்பையைத் துடைத்துவிட்டுப் புதியதை ஏற்றும் வேலை அது. "சோதிச்சுப் பாக்காம ஓட்ட மாட்டேன் அத்தான்" என்று சின்னவள் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். அவளுக்குப் பூட்டு என்று பெயர் வந்ததே இப்படி எதையும் லேசில் திறந்துவிட மாட்டாள் என்பதால்தான். அத்தானுடைய சொந்தக் கீக்கு அந்த சர்வர்களில் அனுமதி கிடையாது. அவளுடைய கீக்குத்தான் இருந்தது. அதற்குக் கூடுதலாக ஒரு பாஸ்வேர்டு வைத்திருந்தாள். "வண்டி ஒவ்வொரு தடவையும் நடுவுல நின்னு கேட்டுட்டிருக்கு, எடுத்துடு" என்று அதையும் எடுக்க வைத்தவர் அவர்தான்.

மத்தியானம் பாப்பாவைக் கூட்டிவரப் போனாள். திரும்பி வருவதற்குள் போன் அலறத் தொடங்கிவிட்டது. சோதனை சர்வர்களைத் துடைக்க வேண்டிய கட்டளை நிஜ சர்வர்களைத் துடைத்துவிட்டது. கண் மருத்துவமனையின் நோயாளிகள் விவரம், யாருக்கு எந்தக் கண்ணில் அறுவை சிகிச்சை என்கிற குறிப்பு உள்பட அத்தனையும் காலி. உள்ளே போன கீயின் பெயர், பூட்டு.

"நான் வீட்லயே இல்லை மேடம்" என்றாள். "தட்டிவிட்டுட்டுப் போயிருக்கலாமே, வண்டிதான் தானா ஓடுமே" என்றார்கள். "அத்தான் வீட்லதான் இருந்தாரு" என்றாள். அத்தான் உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்ததாக அக்காவே சொன்னாள். அன்றைக்கு அத்தான் மேடத்தின் முன்னால் கண் கலங்கி நின்ற கோலம் இன்னும் சின்னவளின் கண்ணுக்குள் நிற்கிறது. "என் மச்சினிதான் மேடம். என் பொண்ணு மாதிரி. இருந்தாலும் நியாயம்னு ஒண்ணு இருக்கில்ல? அவ கீ அவகிட்ட மட்டும்தான் இருக்கு. கீ யார் கையிலயோ, தப்பும் அவங்க கையிலதான்."

சொந்த மச்சினி என்றும் பார்க்காத நேர்மையாளர் என்று அவருக்கு ஆபீஸில் மரியாதை கூடியது. பதவியும் கூடியது. சின்னவள் வேறு கம்பெனிகளுக்கு விண்ணப்பித்தாள். எல்லோரும் பழைய இடத்தில் விசாரித்தார்கள். விசாரித்தவர்களிடம் எல்லாம் அத்தான் பரிதாபமாகவே பேசினார். "நல்ல பொண்ணுங்க. கொஞ்சம் கவனக்குறைவு, அவ்வளவுதான்." திட்டியிருந்தால்கூட யாராவது சந்தேகப்பட்டிருப்பார்கள். இரக்கப்பட்டே அவள் பிழைப்பில் மண்ணைப் போட்டார் அந்த மனிதர். கடைசியில் கிடைத்தது இந்த பிரிண்டர் கடை.

அக்காவிடம் அழுது பார்த்தாள். "உங்க அத்தான் அப்படிப்பட்டவர் இல்லடி. நீதான் அவசரத்துல தட்டியிருப்ப. ஒரு தடவ மன்னிப்பு கேட்டா என்ன குறைஞ்சா போயிடுவ?" என்றாள் அக்கா. அதோடு அந்த வீட்டுப் படி ஏறுவதை நிறுத்திவிட்டாள் சின்னவள்.

நான்காவது மாடியில் ஒன்றும் மாறவில்லை. காபி மெஷினில் 'பழுது' என்று ஒட்டிய தாள்கூட அதே தாள்தான். அவள் உட்கார்ந்த நாற்காலியில் அத்தானின் பை உட்கார்ந்திருந்தது. பழைய ஆட்கள் சிலர் திரைக்குப் பின்னாலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, கண்ணைச் சந்திக்காமல் குனிந்துகொண்டார்கள். அவள் போன பிறகு அத்தான் ஒவ்வொருவராக எல்லோருடைய அனுமதியையும் பிடுங்கிவிட்டார், கடைசியாகப் பிடுங்கியது போன வாரம்தான் என்று கேள்விப்பட்டிருந்தாள். வண்டிக்கென்று தனியாக ஒரே ஒரு கீ, அது அவர் லேப்டாப்பில் மட்டும். இனிமேல் தப்பு நடக்கக் கூடாது அல்லவா!

மீட்டிங் ரூமில் மேடம் மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கம்பெனியின் சொந்தக்காரர் அவர். அதிகம் பேசமாட்டார். பேசினால் மறக்க முடியாது.

"வாம்மா. ஆச்சரியமா இருக்கு, நீ வந்தது."

"கூப்பிட்டாங்க மேடம், வந்தேன்."

"நான்தான் மேடம் கூப்பிட்டேன்" என்றார் அத்தான். "என்ன இருந்தாலும் நம்ம பொண்ணு. பழச மனசுல வச்சிக்கறவ இல்ல."

சின்னவள் சிரித்தாள். அவ்வளவு அழகாக அவள் சிரித்து ரொம்ப நாளாகிவிட்டது.

அத்தான் லேப்டாப்பைச் சுவர்த் திரையோடு இணைத்துவிட்டு, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். வண்டியை ஒரு தடவை ஓட்டிக் காட்டினார். சுவர் முழுக்கச் சிவப்பு வரிகள் ஓடின. ஒவ்வொரு சர்வரும் அதே பதிலைச் சொல்லிக் கதவைச் சாத்தியது. கண்ணாடிச் சுவருக்கு வெளியே நான்கைந்து பேர் ஏதோ வேலையாக நிற்பது போல நின்று வேடிக்கை பார்த்தார்கள். சின்னவளுக்கு அதுவும் வசதிதான்.

"வண்டிய விடுங்க அத்தான். ஒரே ஒரு சர்வருக்கு நேரா போய்ப் பாருங்க. கட்டளையோட மூணு இங்கிலீஷ் வி சேத்து அடிங்க."

"மூணு வி எதுக்கு?"

"சும்மா போனா உள்ள நடக்கறத சொல்லாது. மூணு வி போட்டா ஒண்ணு விடாம வாய் விட்டுச் சொல்லும்."

அடித்தார். சுவரில் எழுத்துகள் கொட்டிவிட்டு நின்றன. அத்தான் அதை நிமிர்ந்து பார்த்த விதத்திலேயே, அவருக்கு அதைப் படிக்கத் தெரியாது என்பது சின்னவளுக்கு மறுபடியும் உறுதியானது. அரைகுறை என்றால் இப்படி ஒரு அரைகுறை. வித்தை தெரியாவிட்டாலும் அடுத்தவர் வித்தைக்காரி ஆகிவிடக் கூடாது என்பதில் மட்டும் கெட்டி.

"கொஞ்சம் மேல போங்க. இன்னும். அங்கதான், நிறுத்துங்க. கீ நீட்டுதுன்னு ஒரு வரி இருக்கு பாருங்க, அதுல வர்ற பேர சத்தமா படிங்க."

அந்த ஆபீஸில் ஒரு பழக்கம் உண்டு. ஒவ்வொருவரும் தங்கள் கீக்குத் தங்கள் பட்டப்பெயரையே வைப்பார்கள். யாரோ விளையாட்டாக ஆரம்பித்தது, அப்படியே நிலைத்துவிட்டது. பட்டப்பெயர்களில் பாதிக்கு மேல் வைத்தவர் அத்தான்தான்.

"ஆந்தை" என்று படித்தார் அத்தான். படித்த பிறகுதான் என்ன படித்தோம் என்பது அவருக்கு உறைத்தது. கழுத்து லேசாக நிமிர்ந்தது.

ஆந்தை என்பது ராத்திரி ஷிப்ட் பார்த்தவர். போன வாரம்தான் வேலையை விட்டு அனுப்பப்பட்டவர். ஒரு வாடிக்கையாளரின் சர்வர் நடு ராத்திரியில் நின்றுபோனதற்குப் பொறுப்பு அவர் தலையில் வந்தது.

"அடுத்தது?" என்றாள் சின்னவள்.

"இதெல்லாம் ஏதோ தேவையில்லாத குப்பை. நாம நேரா முடிவுக்குப் போயிடலாமே."

"ஒவ்வொண்ணா பாத்தாதான் அத்தான் எங்க மாட்டுதுன்னு தெரியும். படிங்க."

மேடம் தலைமேலிருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். "படிங்க" என்றார்.

"கண்ணாடி." அத்தான் தொண்டையைச் செருமினார். "மீசை. ஒட்டகம்."

வெளியே நின்றவர்கள் அசையவில்லை. கண்ணாடி என்பவள் வாடிக்கையாளர் தகவலைக் கசியவிட்டாள் என்று போனவள். மீசை என்பவர் பேக்கப் எடுக்க மறந்தார் என்று, வர இருந்த பதவி உயர்வு போய், அந்த வெறுப்பில் தானே ராஜினாமா செய்தவர். ஒட்டகம் கடைசி வரை நான் இல்லை, நான் இல்லை என்று சொல்லிக்கொண்டே படியிறங்கிப் போனவன். அந்தப் பெயர்கள் எல்லாம் சுவரில் பெரிய எழுத்தில் வரிசையாக நின்றன.

"அப்புறம் ராஜா. அது என்னோடது" என்று வேகமாக முடித்தார் அத்தான். "அவ்வளவுதான்."

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இந்தத் தவளை வாயை மூடியதால் கெட்டது.

"ஒண்ண விட்டுட்டீங்க" என்றாள் சின்னவள், ரொம்ப மரியாதையாக.

"எங்க? அதான் படிச்சேனே."

"ஒட்டகத்துக்கும் ராஜாவுக்கும் நடுவுல" என்றார் மேடம். நாற்காலியை விட்டு எழுந்து சுவர் அருகே போய், அந்த வரியின் மேல் விரலை வைத்தார். "இது என்ன பேரு?"

 லேப்டாப் மூடியின் மேல் அத்தானின் கை போனது.

"மூடாதீங்க" என்றார் மேடம். "படிங்க."

"பூட்டு" என்றார் அத்தான். வாயிலிருந்து காற்றுதான் வந்தது.

இந்த ஒரு சொல்லைக் கேட்பதற்காக சின்னவள் எட்டு மாதம் காத்திருந்தாள். கற்பனையில் எத்தனையோ விதமாக இதை நடத்திப் பார்த்திருக்கிறாள். அவர் சட்டையைப் பிடித்து உலுக்குவது போல, கன்னத்தில் ஒன்று விடுவது போல, பாப்பாவின் பிறந்த நாளன்று சபை நடுவே நாறடிப்பது போல. அது எதுவுமே இவ்வளவு ருசியாக இருந்ததில்லை.

"இதான் மேடம் விஷயம்" என்று திரையைப் பார்த்து நிதானமாக விளக்கினாள். "லேப்டாப் இங்கிலீஷ் எழுத்து வரிசைப்படி கீய நீட்டுது. ஆறு பேர் வரிசைல முன்னாடி நிக்கறாங்க. ஆறும் தப்பு, கதவு சாத்திக்குது. வண்டியோட உண்மையான கீ, வேலையாள்னு பேரு, ஏழாவதா பின்னாடி நிக்குது. அதோட முறை வரவே இல்ல."

"போன வாரம் வரைக்கும் ஓடிச்சே?" என்றார் மேடம்.

"போன வாரம் முன்னாடி அஞ்சு பேர்தான். ஆறாவதா வேலையாள் வந்து தப்பிச்சிடும். ஆந்தையோட கீய சேத்ததுல ஒரு ஆள் கூடிப்போச்சு. அதுவும் முதல் ஆளா வந்து நின்னுடுச்சு."

ஐந்தோடு நிறுத்தியிருந்தால் ஆயுசுக்கும் மாட்டியிருக்க மாட்டார். ஆசை யாரை விட்டது?

மேடம் திரும்பி வந்து உட்கார்ந்தார். "இவ கீ இவகிட்ட மட்டும்தான் இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"மேடம், அது வந்து, ஒரு பேக்கப்புக்காக..."

"கீய யாரும் பேக்கப் எடுக்க மாட்டாங்க மேடம்" என்றாள் சின்னவள். "தொலைஞ்சா புதுசு போடுவோம். அடுத்தவங்க கீய எடுத்து வச்சிக்கறதுக்கு வேற பேரு." பிறகு அத்தான் பக்கம் திரும்பினாள். "கீ யார் கையிலயோ, தப்பும் அவங்க கையிலதான். நீங்க சொன்னதுதான் அத்தான். நல்லா ஞாபகம் இருக்கு எனக்கு."

அத்தானின் முகம் வெளுத்தது. ஆனால் பழம் தின்று கொட்டை போட்ட ஆள். சட்டென்று நிமிர்ந்தார். "சரி, வச்சிருந்தேன். தப்புதான், ஒத்துக்கறேன். அதுக்காக அன்னைக்கு அழிச்சது நான்னு ஆயிடுமா? நான் தூங்கிட்டிருந்தேன். என் பொண்டாட்டியே சொன்னாளே. அவ இவளுக்குக் கூடப்பிறந்த அக்கா மேடம். பொய் சொல்வாளா?"

மேடம் சின்னவளைப் பார்த்தார்.  இந்த ஒரு கதவு மட்டும் அவளிடம் திறக்காது.

"முதல்ல வண்டி ஓடட்டும்" என்றார் மேடம்.

சின்னவள் ஒரு வரியைச் சொன்னாள். காட்டச் சொன்ன கீயை மட்டும் காட்டு, கைவசம் இருப்பதையெல்லாம் நீட்டாதே என்று லேப்டாப்புக்குச் சொல்லும் வரி. அத்தான் அதை அடித்தார். வண்டியைத் தட்டினார். சுவரில் பச்சை வரிகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கத் தொடங்கின.

"ஒரே வரியா?" என்றார் மேடம்.

"ஒரே வரிதான்."

"போன்லயே சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருக்கலாம் மேடம்."

மேடம் அவளை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். பிறகு அத்தானிடம், "வேலை முடிஞ்சதும் லேப்டாப்ப இங்கயே வச்சிட்டுப் போங்க. நாளைலேருந்து வர வேண்டாம், நான் கூப்பிடற வரைக்கும்" என்றார். அத்தான் போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். சின்னவள் நின்றுகொண்டே இருந்தாள்.

"உன்ன நான் அனுப்பும்போது ஒரு கைலதான் கீ இருந்ததுன்னு நினைச்சேன்" என்றார் மேடம். "இப்ப ரெண்டு கைன்னு தெரியுது. அவரைப் பத்தித் தெரிஞ்சுபோச்சு. ஆனா அன்னைக்கு தட்டினது எந்தக் கைன்னு எனக்கு யாராவது சொல்லணும். ஆஸ்பத்திரிக்காரங்களுக்கு நான் எழுதிக் கொடுத்தது உன் பேர. அத மாத்தி எழுதணும்னா சந்தேகம் போதாது."

நியாயம்தான். நியாயம் என்பதால்தான் வலித்தது. பாதிப் பழி இறங்கியது, மீதிப் பாதி அப்படியே முதுகில் இருக்க, கடைசி சர்வரும் பச்சையாகும் வரை இருந்துவிட்டு சின்னவள் கீழே இறங்கினாள்.

கட்டடத்தின் வாசல் கூடத்தில் அக்கா நின்றிருந்தாள். ஆட்டோவில் அரக்கப் பரக்க வந்திருக்கிறாள், தலைகூட வாரவில்லை. உடைந்த காலை இன்னும் லேசாகச் சாய்த்துத்தான் நடக்கிறாள்.

"என்னடி பண்ணின? அவரு போன்ல அழறாருடி."

"அழட்டும்."

"உன்ன நம்பித்தானே கூப்பிட்டாரு? ஒரு வரில முடியற வேலையாமே. வேணும்னே மேடம உக்கார வச்சிப் பண்ணினியாமே."

"ஆமா. வேணும்னேதான் பண்ணேன்." சின்னவள் குரலை உயர்த்தவில்லை. "அவர் வாயாலயே படிக்கணும்னு பண்ணேன். என் கீ அவர்கிட்ட இருந்தது அக்கா. சுவத்துல எல்லாரும் பாத்தாங்க. இப்பவாவது நம்புவியா, இல்ல இதுவும் நான் அவசரத்துல தட்டினதா?"

அக்கா சுவரில் கையை ஊன்றிக்கொண்டாள். லிப்ட் ஒரு தடவை திறந்து யாரோ இறங்கிப் போனார்கள்.

"நம்பறதுக்கு என்னடி இருக்கு" என்றாள் அக்கா. "நான் பாத்தேனே."

"என்னத்த பாத்த?"

"அன்னைக்கு நீ பாப்பாவ கூட்டிட்டு வரப் போயிருந்த. நான் சோபால கால நீட்டிப் படுத்திருந்தேன். அவரு உன் லேப்டாப்பத் திறந்து ஏதோ காப்பி பண்ணிட்டு, தன்னோடத எடுத்து வச்சி உக்காந்தாரு. கொஞ்ச நேரத்துல ஐயோன்னு தலைல கைய வச்சாரு. அப்புறம் வந்து என் பக்கத்துல உக்காந்து, கைய பிடிச்சிட்டு, நான் தூங்கிட்டிருந்தேன்னு சொல்லுன்னாரு." அக்காவின் கண்ணிலிருந்து நீர் இறங்கிக்கொண்டே இருந்தது. துடைக்கவில்லை. "எனக்குக் கால் கட்டு. பாப்பா சின்னது. அவருக்கு வேலை போனா நாங்க என்ன ஆவோம்? உனக்கு எங்க போனாலும் வேலை கிடைக்கும்னு நினைச்சேன்டி. நீதான் கெட்டிக்காரியாச்சே."

அத்தானிடம் சொல்வதற்கு எட்டு மாதமாகச் சேர்த்துவைத்த வார்த்தைகள் சின்னவளிடம் இருந்தன. அக்காவிடம் சொல்ல ஒன்றுமே இல்லை. குளியலறைக்குக் கூட்டிப்போகும்போது தன் தோளில் அழுந்திய அந்தக் கையின் கனம்தான் நினைவுக்கு வந்தது. அந்த மத்தியானத்துக்குப் பிறகும் இரண்டு வாரம் அவள் அந்தக் கையைத் தாங்கியிருக்கிறாள். அக்காவும் ஒன்றும் தெரியாதவள் போலத் தாங்க விட்டிருக்கிறாள். மன்னிப்பு கேள் என்றாளே, அது அதற்கும் பிறகு!

"இத மேல போய் மேடம்கிட்ட சொல்லு" என்றாள்.

"ஏய், என்னடி..."

"எங்கிட்ட சொன்ன மாதிரியே. ஒரு வார்த்த விடாம."

"சொன்னா எங்க கதி என்னடி ஆகும்?"

"எனக்கு என்ன ஆச்சோ, அதான் ஆகும்."

அக்கா தங்கையின் முகத்தைத் தேடிப் பார்த்தாள். சின்ன வயசிலிருந்து எத்தனையோ சண்டை போட்டிருக்கிறார்கள். சாயங்காலத்துக்குள் சின்னவள்தான் முதலில் வந்து பேசுவாள். அந்தச் சின்னவளை அக்கா இப்போது அந்த முகத்தில் தேடினாள், கிடைக்கவில்லை. சின்னவள் மசிக் கறை படிந்த விரலால் லிப்ட்டின் பொத்தானை அழுத்தினாள். கதவு திறந்தது.

காலைச் சாய்த்துச் சாய்த்து அக்கா உள்ளே போனாள். எந்த மாடி என்று அவளுக்குத் தெரியவில்லை. சின்னவள் வெளியே நின்றபடியே கையை நீட்டி நான்கை அழுத்திவிட்டு, கதவு மூடும் வரை நின்றாள்.